நெல்மணிக்குச் சற்று மேல்

பூமியிலிருந்து சுமார் 800 கிலோமீட்டர் உயரம்வரை ஒளியைவிடக் காற்றுக்குத்தான் பலம் அதிகம். இதை அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன். 500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒரு சிறிய செயற்கைக்கோள் சூரியப் பாயை, அதாவது ஒளி பட்டுத் தள்ளப்படும் மெல்லிய பளபளப்பான விரிப்பை, விரித்தால், சூரிய ஒளி அதைத் தள்ளுவதைக் காட்டிலும் அங்கே மிச்சம்மீதி இருக்கும் காற்று அதைப் பிடித்து நிறுத்துவதே சில மடங்கு அதிகமாக இருக்கும். மாணவர்கள் செய்யும் பெட்டி அளவுக் கோள்களுக்கு என்றாவது ஒருநாள் ராக்கெட்டில் இடம் கிடைத்தாலும் அது அந்த உயரத்தை ஒட்டித்தான் கிடைக்கும். ஆகவே, "பாயை வைத்து மேலே ஏறப் பார்ப்பதைவிட, ஆயுள் முடிந்த கோளைக் கீழே இறக்க அதைப் பயன்படுத்தலாமே" என்று ஒரு புராஜெக்ட் வழிகாட்டி சொன்னால், அதில் குற்றம் காண எதுவும் இல்லை.

இவ்வளவு தெளிவான விஷயத்தை இத்தனை வருடமாக ஏன் மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் பிடிபடவில்லை.

2019 ஆகஸ்ட், இறுதியாண்டு மாணவர்களின் புராஜெக்ட் தலைப்பு ரிவ்யூ. நான்கு பேர் குழுவில் பேசியது அவள் ஒருத்திதான். மற்ற மூவரும் வழக்கம்போலச் சுவரோரம் நின்றார்கள். சிறு விண்கலங்களுக்குச் சூரியப் பாயால் உந்துதல் என்பது தலைப்பு. அதற்கு முந்தைய மாதம் 23ஆம் தேதிதான் பிளானட்டரி சொசைட்டி என்ற அமெரிக்க விண்வெளி ஆர்வலர் அமைப்பின் லைட்செயில் 2 மேலே பாயை விரித்திருந்தது. 5 கிலோ எடையுள்ள சின்னப் பெட்டி, அதற்குள்ளிருந்து 4.5 மைக்ரான் தடிமனில் 32 சதுர மீட்டர் மைலார் பிளாஸ்டிக் படலம். சுற்றுப்பாதையின் உச்சி எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அவள் லேப் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைப்பாள். லேப் அசிஸ்டன்ட் அண்ணாச்சி அந்த மூலையை மட்டும் துடைக்காமல் விட்டிருந்தார். அவர் வேறு எதற்கும் அப்படி இரக்கம் காட்டியதில்லை.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர், பணிக்காலம் முழுவதையும் திரவ என்ஜின்களோடு கழித்து ஓய்வுபெற்றவர். எங்கள் பக்கத்துக்கு இது புதிதல்ல. மகேந்திரகிரியில் இஸ்ரோவின் ராக்கெட் என்ஜின் சோதனை நடந்தால் காவல்கிணறு, பணகுடிப் பக்கத்து வீடுகளில் உறுமல் கேட்கும். உந்துவிசை என்றால் அந்த உறுமல்தான் என்று வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். ஒரு விகாஸ் என்ஜின் தள்ளுவது சுமார் 80 டன். அந்த உலகத்திலிருந்து வந்தவர் முதலில் என்ன கேட்பார் என்று எனக்கு முன்பே தெரியும். அவளிடமும் சொல்லியிருந்தேன்.

"உந்துவிசை எவ்வளவும்மா?"

"0.29 மில்லிநியூட்டன் சார். பூமிக்குப் பக்கத்தில் ஒரு சதுர மீட்டர் கண்ணாடிக்கு 9 மைக்ரோநியூட்டன். 32 சதுர மீட்டருக்கு அவ்வளவு வரும்."

அவர் பேனாவை மூடிவைத்தார். "அம்பை 16 ரக நெல்மணி ஒன்றை உள்ளங்கையில் வைத்த மாதிரி. சரிதானே?"

"அதற்குச் சற்று மேல் சார்."

அறையில் எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. பிற்பாடு கணக்குப் பார்த்தேன். அம்பை 16 ரகத்தில் ஆயிரம் மணிக்குச் சுமார் 24 கிராம் வரும். ஒரு மணிக்கு 24 மில்லிகிராம். 0.29 மில்லிநியூட்டன் என்பது 30 மில்லிகிராம் எடைக்குக் கொஞ்சம் கீழே. சற்று மேல்தான். வாய்க்கு வந்ததைச் சொன்னாளா, கணக்கு வைத்துச் சொன்னாளா என்று இன்றுவரை கேட்கவில்லை.

சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு அவள் தொடர்ந்தாள். விசையை மட்டும் பார்க்கக் கூடாது, கலத்தின் எடை வெறும் 5 கிலோ, முடுக்கம் வினாடிக்கு வினாடி 0.058 மில்லிமீட்டர், ஆனால் அது நிற்பதே இல்லை என்றாள். தொடர்ந்து தள்ளினால் ஒரு நாளில் வினாடிக்கு 5 மீட்டர், ஒரு வருடத்தில் வினாடிக்கு 1.8 கிலோமீட்டர். அதையே ஹைட்ரசீன் எரிபொருளைச் செலவழித்துப் பெற வேண்டுமென்றால் கலத்தின் எடையில் பாதிக்கு மேல் எரிபொருளாகவே இருக்க வேண்டும். விகாஸ் சில நிமிடத்தில் கொடுப்பதை இந்தப் பாய் என்றைக்கும் கொடுக்காது என்பதையும் அவளே சொன்னாள். அவ்வளவு கொடுக்க வேண்டிய தேவை இந்தப் பெட்டிக்கு இல்லை என்றும் சொன்னாள். நான் சொல்லிக்கொடுத்த வாக்கியங்கள் இல்லை அவை. அவள் ஒத்திகையில்கூட இதைச் சொல்லவில்லை.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அடுத்து வந்ததுதான் விஷயம்.

அவர் கொஞ்சம் பின்னால் சாய்ந்து, "பிசிக்ஸ் லேபில் கண்ணாடிக் குமிழுக்குள் ஒரு சின்ன ஆலை இருக்குமே, வெயிலில் வைத்தால் தானாகச் சுற்றும். அதுதானே இது?" என்றார். குரலில் விளையாட்டு இருந்ததா, சோதனை இருந்ததா, உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருந்தாரா? இந்த இடத்தை நூறு விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

"இல்லை சார்," என்றாள். "அது ஒளியின் அழுத்தத்தால் சுற்றவில்லை. உள்ளே மிஞ்சியிருக்கிற வாயுவால் சுற்றுகிறது. ஒளியின் அழுத்தம் என்றால் பளபளப்பான பக்கத்தில்தான் அதிகம் தள்ள வேண்டும். அந்த ஆலை நேர் எதிராக, கறுப்புப் பக்கம் பின்வாங்குகிற மாதிரிச் சுற்றுகிறது."

முழுக்கச் சரி. அந்த ஆலையைச் செய்த ஆங்கிலேய விஞ்ஞானி குரூக்ஸே முதலில் ஒளி தள்ளுவதாகத்தான் நினைத்தார். ஒளியின் உண்மையான அழுத்தத்தை ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்ட 1900ஆம் ஆண்டை ஒட்டி மாஸ்கோவில் லெபதேவ் வர வேண்டியிருந்தது. அமெரிக்காவில் நிக்கல்ஸும் ஹல்லும் அதே காலத்தில் அளந்தார்கள். ஆனால் அன்றைக்கு அந்த அறையில் நான் கேட்டது இயற்பியலை அல்ல. இருபது வயதுப் பெண் ஒருத்தி, எழுபதை நெருங்கும் ஒருவரிடம், எல்லோர் முன்னிலையிலும் "இல்லை சார்" என்றதைத்தான் கேட்டேன். ஆடி முடிந்தும் அடங்காத காற்று ஜன்னல் கொக்கியை ஆட்டிக்கொண்டிருந்தது. அவர் எதுவும் பேசவில்லை. தாளைப் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "வழிகாட்டி என்ன சொல்கிறார்?" என்றார்.

நான் சொன்னது இதுதான்: "நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது சார். தாழ்ந்த சுற்றுப்பாதையில் காற்றுத்தடைதான் ஓங்கும். இதையே டிராக் செயிலாக மாற்றினால், அதாவது கோளைக் கீழே இறக்கும் பாயாக மாற்றினால், நடைமுறைக்கு ஒத்துவரும். தலைப்பை அப்படி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்."

அவர் "ம்" என்றார். குறித்துக்கொண்டார். அடுத்த குழு உள்ளே வந்தது.

இதில் ஒரு சொல்லும் தவறில்லை. நாசாவின் நானோசெயில் டி2 2011இல் 10 சதுர மீட்டர் பாயை விரித்தது. சில மாதத்தில் காற்று அதை இழுத்துக் கீழே கொண்டுவந்து எரித்துவிட்டது. இறக்கும் பாய்க்கு அதுவே சாட்சி. ஏறும் பாய்க்குத் தேவையானது பாய் மட்டும் அல்ல. ஒவ்வொரு சுற்றிலும் சூரியனை விட்டு விலகும்போது முகத்தைக் காட்ட வேண்டும். சூரியனை நோக்கி வரும்போது விளிம்பைக் காட்ட வேண்டும். ஒன்றரை மணி நேரச் சொச்சத்துக்குள் இரண்டு முறை அவ்வளவு பெரிய துணியைத் திருப்ப வேண்டும். அதற்கான சுழல் சக்கரம், சென்சார், நிரல் எல்லாம் எங்கள் லேபில் எங்கே? லைட்செயில் 2க்கே பாதையின் உச்சி இரண்டு கிலோமீட்டர் உயர்ந்தபோது அடிப்பக்கம் தாழ்ந்துகொண்டுதான் போனது. 720 கிலோமீட்டரில் அதற்கே அந்தக் கதி. வழிகாட்டி என்பவன் மாணவரை முடிக்கக்கூடிய வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நான் சேர்த்தேன்.

ஆனால் இதே வாதங்கள் ஜூலையிலும் எனக்குத் தெரியும். அப்போது ஏன் சொல்லவில்லை? அவள் தலைப்போடு வந்தபோது, "நன்றாக இருக்கிறதே, செய்" என்றுதான் சொன்னேன். 1,000 கிலோமீட்டரை எடுத்துக்கொண்டு கணக்குப் போடு என்றும் சொன்னேன். அவள் போட்டிருந்தாள், அந்தப் பக்கம் ஸ்லைடில் இருந்தது, அதற்கு நாங்கள் போய்ச் சேரவே இல்லை. 500 கிலோமீட்டர் என்ற வாதம் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் என் வாயில் வந்தது.

அறையை விட்டு வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "துணி ஒன்றுதானே சார். கம்பமும் ஒன்றுதான். பேர் மட்டுந்தான் மாறுமா, வேறு ஏதாவது மாற வேண்டுமா?"

"வேறு எதுவும் மாற்ற வேண்டாம்," என்றேன். ஆறுதலாகச் சொல்வதாகத்தான் நினைத்தேன்.

பிற்பகலில் கேன்டீனில் தேர்வாளரோடு டீ குடித்தேன். அவராகவே பேச்சை எடுத்தார். "ஒளி தள்ளும் என்பது எனக்குத் தெரியாதா? 1982இல் இன்சாட் 1ஏ போனதே, ஞாபகம் இருக்கிறதா? அதில் சோலார் பேனல் ஒரு பக்கம்தான். மறுபக்கம் அதைச் சமன்செய்ய ஒரு செயில். அது விரியவே இல்லை. அந்த வருடமே கோளைக் கைவிட்டார்கள்." ஒரு பக்கம் மட்டும் பேனல் இருந்தால் ஒளி அந்தப் பக்கத்தை ஓயாமல் தள்ளும், கோள் திரும்பிக்கொண்டே போகும், அதைத் தடுக்க மறுபக்கம் ஒரு பாய் வேண்டும் என்று மேசையில் சிந்திய தண்ணீரில் விரலால் படம் போட்டுக் காட்டினார். பிறகு நாமே கட்டிய இன்சாட் 2ஏயிலும் கம்பத்தின் நுனியில் அப்படி ஒரு பாய் இருந்தது என்றார். எனக்கு அது தெரியும். ஆனால் அவர் சொல்லிக் கேட்டபோது தெரியாததுபோல இருந்தது.

எழுந்திருக்கும்போது சொன்னார்: "அந்தப் பிள்ளையிடம் இன்னும் இரண்டு கேள்வி வைத்திருந்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்."

இந்த ஒரு வாக்கியம் இல்லையென்றால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவர் கோபித்துக்கொண்டிருந்தால் நான் அவளைக் காப்பாற்றியவன் ஆகியிருப்பேன். அவர் கோபிக்கவே இல்லை என்றால், நான் யாரிடமிருந்து யாரைக் காப்பாற்றினேன்?

அவர் பக்கமும் ஒன்று இருக்கிறது. கேன்டீன் மேசையில் சொன்னதை அறையில் சொல்லியிருக்கலாமே. தாளைப் புரட்டிக்கொண்டு மௌனமாக இருந்தவர் அவர்தான். மதிப்பெண் போடும் கை அவருடையது. அந்த மௌனத்துக்கு என்ன பொருள் என்று ஊகித்துக்கொள்ள வேண்டிய வேலையை என்னிடம் தள்ளிவிட்டு, பிற்பாடு "முந்திக்கொண்டீர்கள்" என்றால் எப்படி? இதையும் பல தடவை எனக்குள் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

அந்த வருடம் அவர்கள் வேலையை நன்றாகவே செய்தார்கள். ஜங்ஷன் பக்கத்து ஹார்டுவேர் கடையில் இஞ்ச் டேப்பாக வாங்கிக் குவித்தார்கள். எதற்கு இத்தனை என்று கேட்ட கடைக்கார அண்ணாச்சிக்குச் சொன்ன பதிலை என்னிடம் சொல்ல மறுத்துவிட்டார்கள். டேப்பின் ஸ்டீல் பட்டை குறுக்கே கொஞ்சம் வளைந்திருப்பதால்தான் நீட்டினால் விறைத்து நிற்கிறது, சுருட்டினால் அடங்குகிறது. இரண்டு பட்டைகளை முதுகோடு முதுகாக ஒட்டி, நடுவே ஒரு உருளையில் சுற்றி, நான்கு மூலைக்கும் கம்பமாக விட்டார்கள். பட்டை அறுந்து தெறித்து அவள் கட்டைவிரலில் கிழித்த தழும்பு கடைசி ரிவ்யூ வரை இருந்தது.

துணிதான் படுத்தியது. முதலுதவிக்கு வைக்கும் பளபளப்பான போர்வையை வாங்கி முக்கோணமாக வெட்டினார்கள். விசிறி மடிப்பாக மடித்துக்கொண்டே போனால் கடைசி மடிப்புக்குள் சிக்கிய காற்று உப்பிக்கொண்டு எல்லாவற்றையும் பிரித்துவிடும். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வியர்த்து வழிய மடிக்க வேண்டும். வியர்வை பட்ட இடம் ஒட்டிக்கொள்ளும். நிலை மின்சாரத்தில் மயிர்க்கால் எல்லாம் நிற்கும். அண்ணாச்சி ஒருநாள் பார்த்துவிட்டு, வேட்டி மடிக்கிற மாதிரி ஓரத்திலிருந்து மடிக்காமல் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மடித்தால் காற்று வெளியே போகுமே என்றார். போனது. செமினார் ஹாலில் விரித்துக் காட்டியபோது மூன்று முக்கோணம் சுத்தமாக விரிந்தது. நாலாவது கொக்கி அருகே கிழிந்தது. கிழிசல் மேலே ஓடாமல் ஒரு குறுக்குப் பட்டையில் நின்றது. அந்தப் பட்டையை ஒட்டச் சொன்னது அவள். உண்மையான பாய்களிலும் கிழிசலை நிறுத்த அப்படித்தான் செய்கிறார்கள்.

2020இல் இறுதித் தேர்வு கணினித் திரையிலேயே முடிந்துவிட்டது. நல்ல மதிப்பெண். ரிப்போர்ட்டில் டிராக் செயில் என்று தலைப்பு. ஒளியழுத்தக் கணக்கு பின்னிணைப்பில் இருந்தது. யாரும் பின்னிணைப்பைத் திறக்கவில்லை.

2022 நவம்பர் 17 அன்று லைட்செயில் 2 வளிமண்டலத்தில் விழுந்து எரிந்தது. சூரியனின் செயல்பாடு கூடக்கூட மேல்வளிமண்டலம் உப்பி, காற்றுத்தடை ஜெயித்துவிட்டது. செய்தியைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது ஒரு சின்னத் திருப்தி என்பதை மறைப்பதற்கில்லை. நான் சொன்னேன் அல்லவா, காற்றுதான் ஓங்கும் என்று. அதே வாரத்தில் ஆர்ட்டெமிஸ் 1 ராக்கெட்டில் போன நாசாவின் சிறு கலம் நியா ஸ்கவுட், 86 சதுர மீட்டர் பாயை மடித்து வைத்திருந்தது. அதனோடு தொடர்பே கிடைக்கவில்லை. இரண்டையும் சேர்த்து வகுப்பில் சொன்னேன். ஜப்பானின் இகாரஸ் கலம் 2010இலேயே பாயை விரித்து, ஒளியின் தள்ளலை மெய்ப்பித்து, வெள்ளிக் கோளைக் கடந்து போன கதையைச் சொல்ல அன்றைக்கு நேரம் இருக்கவில்லை. நேரம் இருந்தது என்றும் சொல்லலாம்.

பிறகு 2024 ஏப்ரலில் நாசா அனுப்பிய கலம், சுமார் 1,000 கிலோமீட்டர் உயரத்தில், ஆகஸ்டில் 80 சதுர மீட்டர் பாயை விரித்தது. கம்பங்கள் கார்பன் இழை சேர்ந்த கலவைப் பொருளால் ஆனவை. சுருட்டினால் தட்டையாகி, விரித்தால் குழாயாகி விறைக்கும். ஒரு கம்பம் சற்று வளைந்தது என்றும் சொன்னார்கள். எனக்கு உறைத்தது கம்பம் அல்ல, உயரம். அவளுடைய ஸ்லைடில் இருந்த அதே 1,000.

இப்போதும் ரிவ்யூவுக்கு முன்னால் மாணவர்களிடம் ஒன்று சொல்கிறேன்: உங்கள் தலைப்பை நீங்களே காத்துக்கொள்ளுங்கள், நான் குறுக்கே வர மாட்டேன். போன வருடம் ஒரு குழு லேசரால் தள்ளும் பாயைப் பற்றி வந்தது. 2016இல் யூரி மில்னரும் ஸ்டீபன் ஹாக்கிங்கும் அறிவித்த திட்டம். கிராம் எடைக் கலத்தை ஒளிவேகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குத் தள்ளி ஆல்ஃபா சென்டாரிக்கு அனுப்புவது. தேர்வாளர் கேள்வி கேட்கத் தொடங்கியதும், "இது வெறும் கோட்பாட்டளவில்தான் சார், இவர்கள் பாயின் வெப்பத்தை மட்டும் பார்க்கிறார்கள்" என்று நானே சொன்னேன். அந்தப் பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் வெப்பத்தை மட்டும் பார்க்கவில்லை.

அவள் சென்னையில் வாகன உதிரிபாகங்களுக்கான கணினி ஆய்வில் சில வருடம் இருந்தாள். இப்போது வெளிநாட்டில் விண்குப்பை குறித்த மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறாள். பரிந்துரைக் கடிதம் கேட்டு எழுதினாள். உட்கார்ந்து எழுதினேன். மூன்றாவது பத்தியில், இந்தப் புராஜெக்ட் முதலில் ஒளியால் உந்தும் பாயாகத்தான் தொடங்கியது, அந்தக் கணக்குகளை அவள் தானாகவே செய்தாள், நடைமுறைக் காரணங்களுக்காக வழிகாட்டி தலைப்பை மாற்றினார் என்று விவரமாக எழுதியிருந்தேன். எழுதி முடித்ததும் மனம் லேசானது.

வரைவை அவளுக்கு அனுப்பினேன். மறுநாள் போனில் பேசினாள்.

"மூன்றாவது பத்தி வேண்டாம் சார். டிராக் செயில் என்று மட்டும் இருக்கட்டும். இப்போது அதற்குத்தான் கிராக்கி. ஆயுள் முடிந்த கோளை 25 வருடத்தில் இறக்கினால் போதும் என்றிருந்ததை அமெரிக்காவில் 2022இல் 5 வருடமாக்கிவிட்டார்கள். இஸ்ரோவும் 2030க்குள் குப்பை மிஞ்சாத ஏவுதல் என்று சொல்லியிருக்கிறது. நீங்கள் அன்றைக்கு மாற்றச் சொன்னது நல்லதாகப் போயிற்று."

"ஒளிக் கணக்கு உன்னுடையது அல்லவா?"

"அது கிடக்கிறது சார். இரண்டையும் எழுதினால் எதில் ஆர்வம் என்று கேட்பார்கள்."

நான் சொன்னதே சரி என்று அவளே சொல்லிவிட்டாள். அவளுக்கு வருத்தம் இருந்ததாகவே தெரியவில்லை. இருந்து, எனக்காக மறைத்தாளா என்று கேட்கவும் வழியில்லை. அந்த ஆலையைப் பற்றித் தேர்வாளர் கேட்டது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "எந்த ஆலை சார்?" என்றாள்.

கடிதம் இன்னும் என் கணினியில்தான் இருக்கிறது, மூன்றாவது பத்தியோடு. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.